கேட்பவரைக் கேட்டல்

மனத்தின் நோயை மருந்தால் மட்டுமன்றிப் பேச்சாலும் தணிக்க முற்படும் சிகிச்சையாளர் என்று ஒருவர் உண்டு என்பதையே நம் ஜனங்களில் பலர் சமீப காலத்தில்தான் அறிந்துகொண்டார்கள். அந்தச் சிகிச்சையாளர் வாரம் ஒரு முறை மற்றொருவர் முன் உட்கார்ந்து, தாம் கேட்டதையும் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் ஒப்புவித்து அதைப் பற்றிய விசாரணைக்கு உட்படுகிறார் என்பதையோ, அப்படிக் கேட்பதையே பிரதான உத்தியோகமாகக் கொண்ட என் போன்ற சிலர் இருக்கிறோம் என்பதையோ, படித்தவர்களும்கூட அறிந்திருப்பதில்லை. கல்யாண வீடுகளில் என் தொழிலை விசாரிப்பவர்களிடம் 'சைக்காலஜிஸ்ட்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே என் வழக்கம். 'கவுன்சலிங் பண்றவங்களுக்கு சூப்பர்விஷன் பண்றேன்' என்று முழுவதையும் சொல்லிவிட்டால், 'அப்போ அவங்களுக்கே கவுன்சலிங் வேணுமா சார்?' என்ற கேள்வி தப்பாமல் வந்து விழும். அதில் பரிகாசம் பாதி, பயம் பாதி. பந்தியில் இலை போடும் நேரத்துக்குள் அதற்கு நியாயமான பதில் சொல்ல முடியாது என்பதால், இங்கே சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

மேற்பார்வையாளன் நோயாளியைப் பார்ப்பதில்லை. இந்தத் தொழிலின் விசித்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. எங்கோ ஓர் அறையில் ஒரு மனிதர் தம் துக்கத்தைச் சொல்ல, அதைக் கேட்ட இளம் சிகிச்சையாளர் ஞாபகத்தில் தங்கியதை மட்டும் குறித்துக்கொண்டு, குறித்ததிலும் வெளியே சொல்ல உகந்ததைத் தேர்ந்து என் முன் வைக்க, இப்படிப் பல முறை வடிகட்டப்பட்ட செய்தியைக் கொண்டு, நான் கண்டிராத ஒருவரின் க்ஷேமத்துக்கு நானும் பொறுப்பாளி ஆகிறேன். நைவேத்தியம் ஆகுமுன் நாவில் வைத்துப் பார்க்கலாகாது என்ற விதிக்கு உட்பட்ட மடைப்பள்ளிப் பரிசாரகர், கொதியையும் மணத்தையும் கொண்டே உப்பின் அளவை அறிந்துகொள்வாரே, ஏறக்குறைய அந்த வித்தைதான் இது. ஆனால் கொதிக்கும் பாத்திரம் பரிசாரகரிடம் எதையும் மறைப்பதில்லை. என் முன் உட்காருபவரோ மறைக்கிறார். மறைப்பதற்கு அவருக்குத் தக்க காரணமும் உண்டு. அவருடைய தடுமாற்றங்களைப் பரிவோடு கேட்க வேண்டியவன் எவனோ, அவனே பயிற்சியின் முடிவில் அவர் இத்தொழிலுக்கு யோக்கியர்தாமா என்று கையெழுத்திட வேண்டியவனாகவும் இருக்கிறான். அந்தரங்கத் துணைவனையும் நீதிபதியையும் ஒரே ஆசனத்தில் அமர்த்திவிட்டு, 'மனம் திறந்து பேசுங்கள்' என்று எதிரில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. இந்த முரண்பாட்டைத் தீர்த்துவிட முடியாது, ஆனால் அதனோடு நேர்மையாகக் காலம் தள்ள முடியும் என்பதுதான் நீண்ட காலம் அந்த ஆசனத்தில் இருந்து நான் கற்ற பாடம்.

இந்த ஏற்பாட்டின் சரித்திரம் நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. 1920-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பிராய்டின் அணுக்கச் சீடர்களில் ஒருவரான மாக்ஸ் ஐட்டிங்கோன், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, ஏழைகளும் வந்து இயன்றதைக் கொடுத்தோ கொடுக்காமலோ உளப்பகுப்புச் சிகிச்சை பெறத்தக்க ஒரு மருத்துவசாலையைப் பெர்லின் நகரத்தில் நிறுவினார். அதுவரை இச்சிகிச்சையில் இறங்க விரும்பியவர் நூல்களைப் படித்து, நண்பர்களோடு விவாதித்து, நேரே நோயாளியிடம் சென்றுவிடுவது வழக்கமாக இருந்தது. யுத்தத்தால் நொந்த நகரத்திலிருந்து நாடி வருபவர்களின் கூட்டம் பெருகி, அனுபவமற்ற இளைஞர்களின் கையில் அவர்களை ஒப்படைக்க வேண்டிய நிலை வந்ததும், கற்பவர் தம்மையே முதலில் பகுப்புக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும், பாடங்களைக் கேட்க வேண்டும், பிறகு மூத்தவர் ஒருவருடைய பார்வையின் கீழ் நோயாளிகளை ஏற்க வேண்டும் என்ற மூன்று நியதிகள் அங்கே உருப்பெற்றன. இன்று உளப்பகுப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிகிச்சை முறைகளிலும் மூன்றாவது நியதி மட்டும் அசையாமல் நிற்கிறது. நம் தேசத்தில் இத்துறையின் முன்னோடியான கிரீந்திரசேகர போஸ், 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவருக்கு அப்படிப்பட்ட மூத்தவர் எவரும் அருகில் இல்லை. வியன்னாவில் இருந்த பிராய்டோடு, ஒரு முறையேனும் நேரில் சந்திக்காமலே, கடிதப் போக்குவரத்து நடத்தி வந்தார். துணையில்லாமல் துணிந்தவர்களின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. என்றாலும் எல்லாரும் போஸ் ஆகிவிட முடியாது என்ற எண்ணத்தின் மேல்தான் என் தொழில் நிற்கிறது.

பெர்லினுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையே அக்காலத்தில் எழுந்த ஒரு விவாதத்தை மாணவர்களுக்கு நான் விரிவாகவே சொல்வதுண்டு. கற்பவரின் மனத்தை எவர் பகுத்தறிந்தாரோ, அவரே அந்த மாணவரின் முதல் நோயாளியைப் பற்றியும் விசாரிக்கலாம்; மாணவருடைய சொந்தக் காயங்கள் சிகிச்சையில் எங்கே குறுக்கிடுகின்றன என்பது அவருக்கல்லவா தெரியும் என்பது ஹங்கேரியர்களின் கட்சி. அந்த இரண்டு காரியங்களையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுப்பதே உசிதம் என்பது பெர்லின்காரர்களின் கட்சி. நான் பெர்லின் கட்சி; அதே சமயம் புடாபெஸ்டின் கேள்வியை ஒருபோதும் அலட்சியம் செய்தவனல்லன். குடிகாரத் தகப்பனாரின் பிள்ளையாக வளர்ந்த ஒரு மாணவர், குடிகாரக் கணவனோடு வாழும் ஒரு பெண்மணியின் கேஸை எடுத்துக்கொண்டு, நாலாவது அமர்வுக்குள்ளாகவே அந்த அம்மாளை வீட்டை விட்டு வெளியேறச் செய்வதில் முனைந்து நின்றார் (இக்கட்டுரையில் வரும் எவருடைய அடையாளமும் வெளிப்படாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்). 'அந்த அம்மா வெளியே வரணும்னு கேட்டாங்களா, நீங்க கேட்டீங்களா?' என்று நான் வினவியபோது அவர் முகம் வெளிறிற்று. அவருடைய பால்யம் அந்த அறைக்குள் வந்துவிட்டது என்பதைப் பெயரிட்டுச் சொல்வதும், அதனால் அந்தப் பெண்மணியின் விருப்பம் எப்படிக் கேட்கப்படாமல் போயிற்று என்று காட்டுவதும் என் கடமை. அந்தப் பால்யத்தின் புண்ணை ஆற்றுவது என் கடமையன்று. அதற்கு வேறொரு சிகிச்சையாளரிடம் போகும்படி யோசனை சொல்லி, அவர் போனாரா, அங்கே என்ன பேசினார் என்பதைப் பிறகு நான் விசாரிப்பதும் இல்லை. மதிப்பெண் போடும் கைக்கு அவ்வளவு தூரம் நீள உரிமையில்லை.

நம் நாட்டில் இந்தச் சிக்கலோடு மற்றொன்றும் வந்து சேருகிறது. இங்கே கற்பவர் கற்பிப்பவரைச் 'சார்' என்று அழைக்கிறார். அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார். அவர் சொன்னதற்கு மாறாகத் தமக்கு ஒன்று தோன்றினால், அந்தத் தோற்றத்தையே சந்தேகிக்கிறார். மனநல மருத்துவரான ஜே. எஸ். நேகி 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில், குரு-சிஷ்ய உறவை இந்தியர்களுக்கு ஏற்ற சிகிச்சை உறவின் மாதிரியாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்தார். நோயாளியை எடுத்த எடுப்பில் சுயேச்சையாக நிற்கச் சொல்லும் மேல்நாட்டு வழியைக் காட்டிலும், முதலில் சார்ந்து நிற்க இடம் கொடுத்துப் பிறகு கைப்பிடியைத் தளர்த்தும் வழி நம்மவர்க்கு இயல்பானது என்ற அக்கருத்தில் பெரும் உண்மை உண்டு என்பதை நோயாளிகளிடம் நான் கண்டிருக்கிறேன். ஆனால் அதே மாதிரியை மேற்பார்வை அறைக்குள் கொண்டுவந்தால், சிஷ்யர் குருவுக்குப் பிரியமானதையே கொண்டுவருவார். குருவும் தமக்குப் பிரியமானது கிடைப்பதால் எல்லாம் சரியாக நடப்பதாக நம்பிவிடுவார். இந்தப் பரஸ்பர திருப்தியின் செலவை, இருவரில் ஒருவரும் அல்லாத நோயாளி கொடுப்பார். ஆகவே மரியாதையை வேண்டாம் என்று தள்ளாமலும், அதில் சொக்கிப்போகாமலும், 'சார், நீங்க போன வாரம் சொன்னது அந்தப் பையனுக்குச் சரிப்படல' என்று ஒரு மாணவி முதன்முதலாகச் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாள் தானாக வருவதில்லை. அதற்கு முன் பல முறை, 'நான் சொன்னதுல எது உதவல?' என்று கேட்டு, பதிலாக வரும் மௌனத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இது நம்மவர்களின் கூச்சம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. 1996-இல் அமெரிக்காவில் பயிற்சி நிலைச் சிகிச்சையாளர்களிடம் நிக்கோலஸ் லடானியும் சகாக்களும் நடத்திய ஓர் ஆய்வில், ஏறத்தாழ அனைவருமே மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒன்றை மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். மறைத்தவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது மேற்பார்வையாளரைப் பற்றிய மனக்குறைதான். சுதந்திரமாகப் பேசுவதாகப் பெயர் பெற்ற தேசத்திலேயே அப்படி என்றால், எழுந்து நின்று வணங்கும் தேசத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 'எல்லாம் நல்லா போகுது சார்' என்ற வாக்கியத்தை நான் பொய்யென்று கொள்வதில்லை. அது முகவுரை என்று கொள்கிறேன். அதன் பிறகு, 'ஒரு மாசமா இங்க பேச்சிலேயே வராத கேஸ் எது?' என்று கேட்பேன். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். எந்த நோயாளியிடம் சிகிச்சையாளருக்குச் சலிப்பு வருகிறதோ, எவரிடம் பயம் வருகிறதோ, எவருடைய வரவுக்காகக் காலையிலேயே நல்ல புடவையாக எடுத்து உடுத்தத் தோன்றுகிறதோ, அவர்களுடைய கோப்பு அடுக்கின் அடியில் போய்விடுகிறது. அப்படி ஒரு கவர்ச்சி தோன்றுவது குற்றமன்று, தோன்றியதை ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றத்துக்கு வழி என்பதை, அவ்விதமான ஒன்று நேருவதற்கு முன்பே, பொதுவான பேச்சுவாக்கில் சொல்லி வைப்பது உத்தமம்.

மறைப்பைப் பற்றிப் பேசும்போது, எண்ணாமல் மறைப்பதையும் சேர்த்தே பேசவேண்டும். பெங்களூரில் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனம் மறு ஆண்டே மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பைத் தொடங்கிற்று. அந்தப் பரம்பரையில் வந்த எங்களுக்கெல்லாம் 'கேஸ் வொர்க்-அப்' எழுதுவதே முதல் அப்பியாசம். நோயாளியின் குறையை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும் என்பது அதன் முதல் விதி. குடும்பம், பிறப்பு, படிப்பு, விவாகம், முன்னைய ஸ்வபாவம், தற்போதைய மனநிலை என்று பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய அந்தப் பயிற்சிக்கு நான் இன்றும் கடன்பட்டவன். ஆயினும் எவ்வளவு யோக்கியமாக எழுதினாலும், அறையை விட்டு வெளியே வந்த பின் எழுதுபவர் தமக்குப் புரிந்ததைத்தான் எழுத முடியும். இந்தக் குறையை முதலில் உணர்ந்து செயல்பட்டவர்களில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் முக்கியமானவர். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்த இசைத்தட்டுகளில், உரையாடல்களைப் பதிவு செய்து, ஒரே மனிதரோடு நடந்த எட்டு அமர்வுகளின் உரையாடலை முழுவதுமாக 1942-இல் தாம் வெளியிட்ட நூலில் அச்சிட்டார். மூடிய கதவுக்குள் நடந்ததை முதன்முறையாக மற்றவர்களும் வார்த்தை வார்த்தையாகப் பார்க்க முடிந்தது.

ஒலிப்பதிவின் மகிமையை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு மாணவர் கொண்டுவந்த பதிவு. புற்றுநோய் கண்டு தேறிவந்த ஒரு நடுத்தர வயது அம்மாளோடு நடந்த அமர்வைப் பற்றி, 'அழ ஆரம்பிச்சாங்க சார், நான் சப்போர்ட் பண்ணினேன்' என்று அவர் சொல்லியிருந்தார். அவர் குறிப்பிலும் அப்படியே இருந்தது. பதிவைக் கேட்டால், அந்த அம்மாள், 'எனக்கப்புறம் அந்தப் புள்ளைய யாரு பாத்துப்பாங்கன்னு...' என்று தொடங்கி விம்மியதும், மாணவர், 'தண்ணி குடிக்கிறீங்களா அம்மா?' என்று கேட்கிறார். டம்ளர் வைக்கும் சத்தம். உடனே, 'சரிங்கம்மா, தூக்கம் எப்படி இருக்கு?' என்கிறார். முற்றுப்பெறாத அந்த வாக்கியம் அப்புறம் வரவே இல்லை. மாணவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தது அவர் மனமறிய உபசாரந்தான். நம் வீடுகளில் அழுபவருக்கு முதலில் செய்வதும் அதுவே. அழுகையை நிறுத்துவது அன்பு என்று வளர்ந்தவர், அழுகையோடு கூட இருப்பதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த இடத்தில் நான் பதிவை நிறுத்தவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் 1960-களில் வகுத்த முறையில், பதிவை நிறுத்தும் பொத்தான் கற்பவர் கையில்தான் இருக்கும்; தமக்குள் ஏதோ அசைந்த இடம் என்று அவருக்குத் தோன்றும்போது அவரே நிறுத்துவார்; கேட்பவர், 'அப்போது என்ன தோன்றிற்று?' என்று விசாரிப்பதோடு சரி. மாணவர் மூன்றாவது முறை கேட்கும்போது டம்ளர் சத்தத்தில் நிறுத்தினார். அதற்கு மேல் நான் போதிக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. பதிவுக்கு நோயாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், பாடம் முடிந்ததும் அது அழிக்கப்பட வேண்டும் என்ற இரண்டிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இத்தொழிலில் மிகவும் சூக்ஷ்மமான விஷயம் ஒன்றுண்டு. மேரிலாந்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மருத்துவமனையில் பணியாற்றிய ஹரால்ட் சர்ல்ஸ் 1955-இல் அதைப் பற்றி எழுதினார். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே நடப்பது, சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே, இருவரும் அறியாமலே, மறுபடியும் நடிக்கப்படும் என்பதும், ஆகவே மேற்பார்வையாளர் தம் மனத்தில் திடீரென்று எழும் உணர்ச்சிகளையே தகவலாகக் கொள்ளலாம் என்பதும் அவர் கண்டது. எப்போதும் நிதானமாக யோசித்துப் பேசும் ஒரு மாணவி, ஒரு குறிப்பிட்ட இளைஞரின் கேஸைப் பற்றிப் பேசும் நாட்களில் மட்டும், 'நீங்களே சொல்லுங்க சார், நான் என்ன பண்ணட்டும்?' என்று குழந்தையைப் போலக் கேட்பார். நானும் வழக்கத்துக்கு மாறாக ஒன்று, இரண்டு, மூன்று என்று உத்தரவுகளை அடுக்க ஆயத்தமாகிவிடுவேன். அந்த இளைஞர் வீட்டில் அம்மா, அக்கா, மாமா எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்டு, எல்லாருடைய உத்தரவையும் பெற்று, ஒன்றையும் செய்யாமல் இருப்பவர். 'இன்னிக்கு நீங்க அந்தத் தம்பி மாதிரி கேக்கறீங்க, நான் அவங்க மாமா மாதிரி பேச வரேன், கவனிச்சீங்களா?' என்று நான் சொன்னதும் மாணவி சிரித்தேவிட்டார். அடுத்த வாரம் இளைஞரிடம் உத்தரவு தருவதை நிறுத்திவிட்டு, உத்தரவு கேட்கும் அந்தப் பழக்கத்தைப் பற்றியே பேசினார். ஆனால் இந்தக் கண்ணாடியை எடுத்ததற்கெல்லாம் அணிந்துகொள்ளும் மேற்பார்வையாளர்களும் உண்டு. மாணவர் கொட்டாவி விட்டால் நோயாளியின் உள்ளடங்கிய கோபம் அதில் தெரிகிறது என்று வியாக்கியானம் செய்யுமுன், அவர் முந்தின இரவு ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்தாரா என்று கேட்பது நலம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமையின் பெருமை. பொறுமையைக் கைவிட வேண்டிய வேளையும் உண்டு. நோயாளியின் உயிருக்கோ, அவரால் மற்றவர் உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று தோன்றினால், அந்தக் கணத்திலேயே நான் கேள்வி கேட்கும் ஆசிரியனாக இருப்பதை விட்டு உத்தரவிடும் மூத்தவனாகிறேன். 'சாகணும்னு தோணுதான்னு நேரா கேட்டீங்களா?' என்பது முதல் வினா. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று இளைஞர்கள் அஞ்சுவார்கள். நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை, தனியாகச் சுமந்தவருக்கு இறக்கி வைக்க இடம் தருகிறது. வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, மாத்திரைகள் யார் கையில் இருக்கின்றன, இன்றிரவு கூட இருப்பவர் யார், மனநல மருத்துவரை எத்தனை மணிக்குப் பார்க்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடை கிடைக்காததற்கு அங்கேயே தொலைபேசியை எடுக்கச் சொல்வேன். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதையும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் நிகழ்ந்தது தெரிந்தால் அறிவிப்பது கட்டாயம் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூறுவதையும் முதல் மாதத்திலேயே படித்துவிட வேண்டும் என்பது என் விதி. ரகசியம் காப்போம் என்ற வாக்குறுதி எங்கே முடிகிறது என்பதை, நோயாளியிடம் முதல் நாளே சொல்லாதவர், பிறகு சட்டத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே நின்று தவிக்க நேரும்.

மேற்பார்வையாளனின் சொல்லுக்கு உள்ள கனத்தை உணர்த்த மாணவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் வழக்கு, 1976-இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டாராஸாஃப் வழக்கு. பெர்க்லியில் பயின்ற ஓர் இந்திய மாணவர், தாம் காதலித்த பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைச் சிகிச்சையில் வெளியிட்டார். சிகிச்சையாளர் வளாகக் காவலர்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார். காவலர்கள் விசாரித்து விட்டுவிட்டார்கள். சிகிச்சையாளருக்கு மேலிருந்தவரோ, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று அதன் பிரதிகளையும் குறிப்புகளையும் அழிக்கச் செய்தார். பெண்ணுக்கு எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1969 அக்டோபரில் அவள் கொலையுண்டாள். ஆபத்துக்குள்ளாகும் மூன்றாமவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்பதற்கு இத்தீர்ப்பை உலகம் மேற்கோள் காட்டுகிறது. நான் அதில் பார்ப்பது, கீழே இருந்தவர் கேட்டதையும் அஞ்சியதையும் மேலே இருந்தவர் கேட்க மறுத்த சரித்திரத்தை.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் நோயாளி இறந்துபோகும் நாள் ஒன்று பல சிகிச்சையாளர்களின் வாழ்வில் வருகிறது. அன்று வரும் மாணவரிடம் கோப்பைத் திறக்கச் சொல்வது கொடுமை. 'நான் இன்னொரு தடவை போன் பண்ணியிருந்தா...' என்ற வாக்கியத்தை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருப்பதும், அன்றைய மற்ற நோயாளிகளை வேறொருவர் பார்க்க ஏற்பாடு செய்வதும், அவர் வீட்டுக்குத் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்வதுமே அன்று செய்யத்தக்கவை. துக்கம் கேட்கப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். நம் ஊரில் சாவுக்குப் போகாதிருப்பது ஒரு சொல்லாத அவமதிப்பு. போனால் 'நீங்க யாரு?' என்ற கேள்விக்கு நோயாளியின் ரகசியம் வெளிப்பட்டுவிடும். குடும்பத்துக்கு ஏற்கனவே அவரைத் தெரியுமானால், அவர்கள் விரும்பினால், போகலாம். இல்லையேல் வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் வழி. கோப்பைத் திறந்து ஒவ்வொரு அமர்வாகப் பரிசீலிக்கும் நாள் பின்னால் வரும், வந்தே தீர வேண்டும். ஆறுதலுக்கும் பரிசீலனைக்கும் நடுவே சில நாட்கள் இடைவெளி விடுவதே கருணை. அந்த இடைவெளியைச் சாக்காகக் கொண்டு பரிசீலனையைக் கைவிடுவது கருணையாகாது. பிரிஜிட் புரொக்டர் என்ற ஆங்கிலேய அம்மையார் 1980-களில் மேற்பார்வையின் பணிகளை நெறி காத்தல், திறன் வளர்த்தல், சோர்வு நீக்கிப் புதுப்பித்தல் என்று மூன்றாக வகுத்தார். மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே மனிதரிடம் வேண்டியிருப்பது இப்படிப்பட்ட தருணத்தில்தான் தெரிகிறது.

பயிற்சி முடிந்தவர்களின் நிலை வேறு. படிக்கும் காலத்தில் கட்டாயமாக இருந்த மேற்பார்வை, பட்டம் வாங்கித் தனியாக அறை பிடித்ததும் அவரவர் விருப்பத்துக்கும் பணப்பைக்கும் உரியதாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒற்றை ஆலோசகராக இருக்கும் பெண்ணுக்கோ, தொண்டு நிறுவனத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞருக்கோ, மாதம் ஒரு முறையாவது ஒருவரிடம் கட்டணம் கொடுத்துத் தம் வேலையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. இவர்களுக்குக் குழுவே கதி. 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் மைக்கேல் பாலிண்ட், சாதாரணக் குடும்ப டாக்டர்களைக் கூட்டி உட்காரவைத்து, தங்களை உறங்கவிடாத நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசச் செய்தார். 1957-இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். அம்மாதிரிக் குழுக்களை நடத்தும்போது நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பேசுபவர் முடித்ததும் யோசனை சொல்லாமல் முதலில் கேள்வி கேட்க வேண்டும். இந்த நிபந்தனையைக் காப்பது எத்தனை கஷ்டம் என்பதை எங்கள் குழுவில் வந்து பார்த்தால் தெரியும். யோசனை சொல்வதில் நாம் பிறவித் தாராளர்கள். இப்போது 'கோச்சிங்' என்ற பெயரில், எப்படிக் கட்டணம் நிர்ணயிப்பது, எப்படிப் பெயர் பரப்புவது என்று சிகிச்சையாளர்களுக்குக் கற்பிப்பவர்களும் வந்திருக்கிறார்கள். அதுவும் பிழைப்புக்கு வேண்டியதே. ஆனால் வருமானம் பெருகும் வழி சொல்பவரே, வருமானம் தரும் நோயாளியை அனுப்பிவிட வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதையும் தீர்மானிக்கலாகாது.

இனி, துணைவனும் நீதிபதியும் ஒரே ஆசனத்தில் இருக்கும் சங்கடத்துக்கு நான் கண்ட உபாயங்களைச் சொல்லி முடிக்கிறேன். இங்கே பேசுவதில் எது மேலே போகும், எது போகாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, அதை எழுதியும் கொடுத்துவிடுகிறேன். முகத்துக்கு நேராக, திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும் காலத்திலேயே சொல்லாத எந்தக் குறையையும் இறுதி அறிக்கையில் எழுதுவதில்லை. என்னைப் பற்றி அவர் எழுதும் மதிப்பீட்டை, அவர் அறிக்கையில் நான் கையெழுத்திட்ட பிறகே வாங்கிப் படிக்கிறேன். என் வேலையைக் கேட்பதற்கும் ஒரு மூத்த தோழர் உண்டு. என் மாணவர்களிடம் எனக்கு உண்டாகும் பட்சபாதமும் எரிச்சலும் அவரிடம் போகின்றன, அவர் என்னைச் சிரமப்படுத்தாமல் விடுவதில்லை. இவ்வளவும் செய்தபின்னும் மாணவர்கள் மறைப்பார்கள். மறைப்பு முற்றிலும் ஒழிந்த அறையை நான் எதிர்பார்ப்பதும் இல்லை. இறுதி அறிக்கையை எழுத உட்காரும்போது, எத்தனை பேர் இவரிடம் குணமடைந்தார்கள் என்பதைக் காட்டிலும், யாரும் கேளாதிருக்கையில், தமக்கு அவமானம் தரத்தக்க ஒன்றை, நோயாளியின் நன்மைக்காக இவர் தாமாகவே என் முன் கொண்டுவந்து வைத்ததுண்டா என்பதையே பார்க்கிறேன். கற்றுக்கொள்ளத்தக்க மற்றவை பின்னால் வந்து சேரும். அது ஒன்று இருந்தால் கையெழுத்திட நான் தயங்குவதில்லை. அது இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், இன்னும் சில மாதம் பார்க்கலாம் என்றே எழுதுகிறேன்.